உருண்டு போன பூசணிக்காய்

ரத்தினசாமிக்கு வேலை, பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. மேசைமேல் விரித்து, கையை உள்ளே விட்டுத் திருப்பி, தையல் விட்டிருந்தால் ஓரமாகப் போட வேண்டும். திருப்பூரில் இதற்குப் பெயர் செக்கிங். அவர் வீட்டில் இதற்குப் பெயர் டெக்னிக்கல் அட்வைசர்.

பெயர் வைப்பதில் அவர் என்றுமே தாராளம். அருள்புரத்தில் இப்போது செக்கிங் பார்க்கும் இதே ஷெட்டில் பதினோரு வருடம் அவர் நடத்திய கம்பெனியின் பெயர் 'ரத்தினம் குளோபல் நிட்ஸ்'. அங்கிருந்து கடல் தாண்டிப் போனது ஒரே ஒரு சாம்பிள் பார்சல். அதுவும் விலாசம் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்த வருடம் குளோபலும் கவிழ்ந்தது. உலகத்தோடு அந்தக் கம்பெனிக்கு இருந்த ஒரே தொடர்பு அதுதான்.

காலியான ஷெட்டை வாடகைக்குப் பிடித்தவள் ஒச்சாயி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, அவரிடமே ஓவர்லாக் தைத்தவள். இப்போது சொந்தமாக மெஷின் போட்டுவிட்டாள். சும்மா உட்கார்ந்திருந்த மனிதரைக் கூப்பிட்டு வேலையும் கொடுத்தாள். கன்றுக்குட்டியிடம்கூட 'தள்ளி நில்லுங்க' என்று சொல்லும் ரத்தினசாமி, அவளிடம் மட்டும் மரியாதைக்கு ஒரு 'ங்க' ஒட்டாதபடி, "பீஸ் வந்தாச்சு", "நூல் தீந்துபோச்சு" என்று சுவரைப் பார்த்தே பேசிக் காலம் தள்ளினார்.

ஆயுதபூஜை வந்தது. மச்சான் கம்பெனியில் பூஜை, வந்து பார் என்று மனைவி மருதாள் தன் தம்பி மோகன்ராஜுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவன். காரில் வந்து இறங்கினான். ரத்தினசாமி அவனை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சுங்குடிச் சேலையில் நின்றிருந்த ஒச்சாயியைக் காட்டி, யாரென்று அவன் விசாரித்தான்.

"தையல் செக்சன்" என்றார். பழைய கணக்குப்படி அது பொய்யில்லை.

பூஜை முடிந்ததும் பொரி கொடுப்பார்கள். கம்பெனி ஆட்கள் வரிசையில் நின்று வாங்க வேண்டும். அதற்குள் மச்சினனை டீக்கடைக்குக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் மானம் தப்பும். அவ்வளவுதான் திட்டம்.

மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. பூசாரி பூசணிக்காய்மேல் சூடம் ஏற்றி, வாசலில் மூன்று சுற்றுச் சுற்றி, "மொதலாளி வந்து வாங்கிக்கோங்க" என்றார்.

பதினோரு ஆயுதபூஜைக்கு இதே வாசலில் நீண்டு பழகிய கை. ரத்தினசாமி எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, நடந்து போய், இரண்டு கையையும் நீட்டிவிட்டார். பிறகுதான் எதிரே நீண்டிருந்த வளையல் கைகளைப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஒச்சாயி கையை இறக்கிக்கொண்டாள். "அண்ணனே ஒடைக்கட்டும் சாமி. அவுக பொழங்குன எடந்தானே."

அவர் வாங்கினார். ஓங்கிப் போட வேண்டியதை நழுவவிட்டார். பூசணிக்காய் உடையவில்லை. சூடம் அணைய, சரிவில் சாவகாசமாக உருண்டுபோய் மோகன்ராஜின் காருக்கடியில் புகுந்துகொண்டது. உடையாத திருஷ்டிக்காய் கம்பெனிக்கு ஆகாது என்று அங்கே நேற்றுச் சேர்ந்த ஹெல்பருக்கும் தெரியும். ஒச்சாயிக்கு இதுதான் முதல் பூஜை. அவள் முகம் ஒரு கணம் வெளிறியதை ரத்தினசாமி பார்த்துவிட்டார். தன் மானத்தை மட்டுமே காலையிலிருந்து காவல் காத்தவருக்கு அப்போதுதான் அவள் பக்கமும் ஒன்று இருப்பது தெரிந்தது.

குளோபல் அதிபர் மண்ணில் குப்புறப் படுத்து, காருக்கடியில் கைவிட்டுப் பூசணிக்காயை இழுத்தார். சட்டை முழுக்கப் புழுதி. சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து நீட்டினார்.

"என்ற கை ஆகாதுங்க. நீங்க ஒடைங்க."

பூசாரி மறுபடி சூடம் ஏற்றினார். ஒச்சாயி ஓங்கிப் போட்டாள், சிதறியது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவர் நாற்காலிக்குத் திரும்பியபோது, இரண்டு சிறிய தட்டுகளில் ஆப்பிளும் ஜிலேபியும் வந்தன. ஒச்சாயி கொடுத்தனுப்பியிருந்தாள். விருந்தாளிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இப்படியே உட்கார்ந்து தின்றுவிட்டுக் கிளம்பலாம். உள்ளே பொரி வரிசை கூடிக்கொண்டிருந்தது. மோகன்ராஜ் ஜிலேபியை எடுத்துக் கடித்தான். ரத்தினசாமி எழுந்தார்.

"எங்கீங்க மச்சான்?"

"லைன்ல நிக்கோணும் மாப்ள. நான் இங்க செக்கிங்கு. அந்தம்மாதான் மொதலாளி."

"அட்வைசருன்னு அக்கா சொல்லுச்சே?"

"அது நான் வெச்ச பேரு."

மோகன்ராஜ் கடித்த ஜிலேபியை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

வரிசையில் முன்னே நின்ற பெண் திரும்பிப் பார்த்து, அவர் சட்டைப் புழுதியைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அந்த இடத்தில் நிற்பதற்கு, காருக்கடியில் படுத்ததைவிடக் கூசியது.

வெட்டு மிச்சத் துணியில் தைத்த பையில் பொரி போட்டு நீட்டினாள் ஒச்சாயி. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிய கை சும்மா இருக்கவில்லை; பையின் ஓரத்தைத் தானாகவே திருப்பிப் பார்த்தது.

"ரண்டு தையல் உட்டிருக்குதுங்க."

"அத ஓரமாப் போடுங்கண்ணே" என்று அவள் வேறு பை எடுத்தாள்.

கூச்சத்தில் காது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பையையும் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டே நகர்ந்தார்.