வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

...அதுவும் எப்போது, நற்கருணையைச் சாமியார் உயர்த்திப் பிடித்திருக்கும்போது, சம்பா கோயில் முழுக்கத் தலை குனிந்திருக்கிறது, இவள் மட்டும் கைப்பையைத் திறந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, சென்ட்டை இரண்டு சொட்டு விட்டு, மூக்கில் வைத்துக்கொள்கிறாள், முன்வரிசை அம்மாளின் தலையிலிருந்து வந்த தேங்காய் எண்ணெய் வாசனை ஆகவில்லையாம் மகாராணிக்கு... சீ, என்ன ஜென்மம் என்று நினைத்துக்கொண்டே நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன், ஆமாம் மர்கரீத், நம்ம ஊர் ஜனங்களே இப்படித்தான் என்கிற மாதிரி. ஐம்பத்து மூன்று வயதில் இந்தச் சிரிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது? என் தலையிலும் எப்போதும் அதே எண்ணெய்தானே, இன்றைக்குத்தான் ஷாம்பு போட்டுக் குளித்தேன், ஜாஸ்லினையும் இரண்டு தடவை குளிக்கச் சொன்னேன், ஏம்மா, ஆபரேஷனுக்கா அழைச்சிட்டுப் போற என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆபரேஷன் மாதிரிதான். மர்கரீத்தின் ஒரே பிள்ளை ஜோசப் ஆனந்துக்கு என் மகளைப் பார்க்க வந்திருக்கிறார்கள், பிரான்சிலிருந்து, ஆகஸ்ட் லீவில், வியாழக்கிழமை திரும்ப பிளேன். புருஷன் வழியில் அவர்கள் சொல்தா குடும்பம், தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அந்தக் குடியுரிமை அப்படியே வழி வழியாக வந்துவிட்டது, பையனுக்கு ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. ஜாஸ்லினுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரி லேபில் நின்று நின்று கால் வீங்கி வருகிறாள், இரண்டு இடம் வந்து தட்டிப்போய்விட்டது, மூன்றாவதும் போனால் நான் யார் முகத்தில் விழிப்பேன்? இன்றைக்குப் பூசை முடிந்ததும் பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பேசட்டும், நாமும் பின்னால் வருவோம், மதியம் உங்க வீட்டில் சாப்பாடு, சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்கிறோம் என்றாள் மர்கரீத். உங்க வீடாம்! அதே சந்தில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் அவள் பத்தொன்பது வயது வரைக்கும் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, வாடி போடிதான், இப்போது நான் வாங்க என்கிறேன், அவள் வா என்கிறாள், ஏன்டி இந்த மரியாதை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்.

ஆட்டோவில் போய்விடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், பையன் நடக்கணும் என்றான், போட்டோ எடுக்கணுமாம். நடந்தால் வாய்க்கால் வருமே... கோயில் இருக்கிற மிஷன் வீதியிலிருந்து எப்படிச் சுற்றினாலும், எந்த வீதியில் திரும்பினாலும், பீச்சுக்குப் போக அந்தப் பெரிய வாய்க்காலைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் தமிழன் என்று பிரித்துத் தோண்டி வைத்த சாக்கடை, அதற்கு இந்தப் பக்கம், பாலத்தில் நின்றால் தெரியும் மூன்றாவது சந்தில், எங்கள் வீடு. நாற்றத்துக்கு என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸிடம் இரண்டு பாட்டில் பினாயிலைக் கொடுத்துவிட்டு வந்தேன், நாங்கள் திரும்புவதற்குள் வாசல், சந்து, முனை வரைக்கும் ஊற்றிக் கழுவச் சொல்லி. மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பாவம், ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகத் தன் வீட்டு வாசலையே சாக்கடை அள்ளுகிறவன் மாதிரி கழுவிக்கொண்டிருப்பார் என்று நினைக்க எனக்கே கூசியது.

பாலத்துக்கு இருபது அடி இருக்கும்போதே டிஷ்யூ வெளியே வந்துவிட்டது. மொன் தியே, மொன் தியே என்று கடவுளைக் கூப்பிடுகிறாள், வீட்டுக்குள் பிணம் கிடக்கிற மாதிரி. எனக்கும் அருவருத்தது, வாய்க்காலைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்து... இதே பாலத்துக் கைப்பிடியில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்துகொண்டு நாவற்பழம் தின்று, யார் கொட்டை தூரமாக விழுகிறது என்று துப்பிப் பந்தயம் கட்டினோமே, அன்றைக்கு மூக்கு எங்கே போயிருந்தது இவளுக்கு? மழைக்கு வாய்க்கால் பொங்கி அவர்கள் வீட்டுக்குள் புகுந்தபோது எங்கள் வீட்டுக் கட்டிலில்தானே ஆறு பேரும் ஏறி உட்கார்ந்திருந்தோம், அந்தத் தண்ணீர் கட்டில் காலைத் தொட்டுக்கொண்டிருக்க, அதில் உட்கார்ந்தே கஞ்சி குடித்தோமே! கேட்டுவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் முன்னால் போன ஜோசப் ஆனந்த் பாலத்து நடுவில் நின்றுவிட்டான், கறுப்புத் தண்ணீரில் நின்ற வெள்ளைக் கொக்கைப் போட்டோ எடுத்துவிட்டு, உங்க வீடு எங்க இருக்கு என்று ஜாஸ்லினிடம் கேட்டான், நல்ல பையன்தான், சாதாரணமாகத்தான் கேட்டான். அவளும் சாதாரணமாக, தினம் இரண்டு வேளை அந்தப் பாலத்தைத் தாண்டுகிறவள், நாற்றம் என்று ஒன்று இருப்பதே தெரியாத முகத்தோடு, அதோ என்று காட்டக் கையைத் தூக்கினாள். மர்கரீத் டிஷ்யூவுக்கு மேலே இரண்டு கண்ணையும் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, பக்கத்தில் போய் ஜாஸ்லின் காதில் சொன்னேன்.

"மூக்க மூடுடி."

என்னைப் பார்த்தாள். தூக்கிய கை அந்தரத்தில் ஒரு நிமிஷம் நின்றது, அவ்வளவுதான், பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள், வீடு எங்கே என்று அவன் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. நான் செய்தது சரிதானே? எந்தத் தாயும் செய்வதுதானே? ஒரு கைக்குட்டை, அதற்குப் போய்...

அந்தப் பக்கம் போனதும் ஊரே வேறு. மஞ்சள் சுவர், வெள்ளைக் கோடு, காகிதப்பூ, அந்தச் சுவரில் ஒரு காலைத் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற பெண்கள், வரிசையில் நிற்கிறார்கள் அதற்கு, ரேஷன் கடை மாதிரி! சனிக்கிழமை வந்து குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாந்தியெடுத்துவிட்டுப் போகிற கூட்டம், ஒரு பெரிய பங்களாவின் ஜன்னல் திண்டில் மூன்று பீர் பாட்டில், அடியில் நடைபாதையில் எவனோ கக்கி வைத்திருக்கிறான், ஈ மொய்க்கிறது, அதைத் தாண்டித்தான் மர்கரீத் போனாள், புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிஷ்யூ பைக்குள் போய்விட்டது. "இங்கல்லாம் அப்பிடியே வச்சிருக்காங்க ஸ்டெல்லா, எவ்ளோ அழகு" என்றாள். வாந்திகூட அந்தப் பக்கம் இருந்தால் அழகு போலிருக்கிறது. நான் ஆமாங்க என்றேன். துப்பத் தோன்றியது, எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

பாரதி பூங்காவில் நிழலில் உட்கார்ந்தோம், எதிரே ஆயி மண்டபம், வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் செல்ஃபி. இது என்ன சர்ச்சா என்று பையன் கேட்டான். ஜாஸ்லின் கதையைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் படித்த கதைதான், ஒரு ராஜா இந்தப் பக்கமாக வந்தாராம், தூரத்தில் ஒரு மாளிகை விளக்கொளியில் ஜொலித்ததாம், கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம், பிறகுதான் தெரிந்ததாம் அது ஆயி என்கிற தாசியின் வீடு என்று, அருவருத்துப்போய் இடித்துத் தள்ளுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டாராம். அவள் காலில் விழுந்து, நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு, தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம், அந்தத் தண்ணீர்தான் பிற்பாடு இந்த ஊருக்கே குடிக்க வந்ததாம். மர்கரீத் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையன்தான் கேட்டான், ஏன் அவளே இடிக்கணும் என்று. ஜாஸ்லின் கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"அடுத்தவங்க வந்து இடிக்கிறதுக்கு முன்னாடி நாமளே இடிச்சிட்டா வலிக்காதுன்னு நெனச்சிருப்பா" என்றாள், அவனைப் பார்க்காமல்.

யாரைச் சொல்கிறாள்? கதையைத்தான் சொல்கிறாள்... எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஆகஸ்ட் வெயில். அப்புறம் பீச் ரோடு, காந்தி சிலை, பழைய லைட்ஹவுஸ், எல்லாவற்றின் முன்னாலும் ஒவ்வொரு போட்டோ, போர் நினைவுச்சின்னத்தின் கம்பிக்கு வெளியே நின்று மர்கரீத் தன் மாமனாரின் அப்பா பட்டாளத்துக்குப் போன கதையைச் சொன்னாள், அவர் பெயர் உள்ளே இருக்கும் என்றாள், கதவு பூட்டியிருந்தது, போய்ப் பார்க்க முடியவில்லை. கடற்காற்று நன்றாக அடித்தது, பிள்ளைகள் பாறையில் உட்கார்ந்து பேசினார்கள், அவன் ஏதோ சொல்ல ஜாஸ்லின் சிரித்தாள்கூட, உப்பு வாசனை தவிர ஒன்றும் இல்லை அங்கே, ஆனாலும் அந்தக் கைக்குட்டை அவள் கையிலேயே இருந்தது, பைக்குள் போகவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மர்கரீத் அவள் வீட்டு ஹீட்டர், அவள் வீட்டு லிஃப்ட், பனி, எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து வருஷம் கழித்து என் மகள் இப்படி யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள், அதற்குத்தானே நான் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னேன், ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

திரும்பும்போது பாலம் வருவதற்கு இன்னும் ஒரு வீதி இருந்தது. காற்று வாய்க்கால் பக்கமிருந்து அடிக்கவில்லை, சத்தியமாக எனக்கு ஒன்றும் வாசனை வரவில்லை, மர்கரீத்கூட டிஷ்யூவை இன்னும் தேடவில்லை, அதற்குள் ஜாஸ்லின் கையைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டாள். நான் சொல்லவில்லை, சைகைகூடக் காட்டவில்லை. மூடியபடியே பாலத்தைத் தாண்டினாள், கொக்கு இன்னும் அங்கேயே நின்றது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மர்கரீத் நின்று என் கையைப் பிடித்தாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பழைய பிடி.

"பொண்ணு அங்க பொருந்திப் போவா ஸ்டெல்லா. சாப்ட்டுட்டு தேதி பேசிடலாம்."

முடிந்தது. கிடைத்துவிட்டது. மாதாவே, ஸ்தோத்திரம் என்று வாய் சொன்னது, உள்ளே சந்தோஷத்தைத் தேடினேன், வரும், கொஞ்ச நேரம் கழித்து வரும் என்று நினைத்துக்கொண்டேன். சந்து முனையிலேயே பினாயில் நெடி கண்ணை எரித்தது, அடப்பாவி மனுஷன் இரண்டு பாட்டிலையும் ஊற்றிவிட்டார், வாசல் நடையில் ஈரக் கையோடு, இஸ்திரி போட்ட சட்டையில், வாங்க வாங்க என்று சிரித்துக்கொண்டு நிற்கிறார், என் சிரிப்பேதான், பல்லெல்லாம் தெரிய. வாம்மா என்றார் மகளிடம். கைக்குட்டை இறங்கவில்லை. அப்பாவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அப்படியே அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடி, கூடத்தில் அவர்கள் உட்காரும் சத்தத்துக்கு நடுவில், மெதுவாகச் சொன்னேன், கைய எடும்மா, வீட்டுக்குள்ள வந்தாச்சு என்று.

"எப்ப மூடணும்னு சொன்னியேம்மா, எப்ப எடுக்கணும்னு சொல்லலியே" என்றாள் துணிக்குள்ளிருந்து.

கோபமா, கேலியா, அழுகையா, கைக்குட்டைக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இருபத்தெட்டு வருஷம் பார்த்த கண். அதான் இப்ப சொல்றேனே என்றேன். அவள் எடுக்கவில்லை. குழம்புச் சட்டியைத் திறக்கப் போகிற சாக்கில் அவள் பக்கத்தில் போனேன், அவள் அரை அடி நகர்ந்துகொண்டாள், இடம் விடுவதற்காக இருக்கும், அடுப்படி சின்னது... வாய்க்கால் நாற்றம், எண்ணெய், கறி மசாலா, எது, எதற்கு மூடியிருக்கிறாள்? கூடத்திலிருந்து மர்கரீத் தண்ணி கேட்டாள். நான் ஜாஸ்லின் பார்க்காதபோது முந்தானையை எடுத்து என் மூக்கில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தேன், இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.