கேட் சுத்தம்

நான் ப்ராகில் படமெடுக்கப் படிக்கிறேன் என்று ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நான் கரைத்துக் குடித்தது பஸ் நேர அட்டவணைகளைத்தான். ஏழு வாரத்தில் வியன்னா, பெர்லின், புடாபெஸ்ட், வெனிஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஓஹையோக்காரி நான்; அமெரிக்காவிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரே ஊரில் குந்தியிருக்க எனக்கென்ன பைத்தியமா? எந்த ஊரில் இறங்கினாலும் அடுத்த ஊருக்குக் கால் பரபரக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கிராகோவ் பஸ். அதற்கு முன்னால் மார்கோவின் படப்பிடிப்பு. மார்கோ என் வகுப்புத் தோழி, டெக்சாஸ்காரி. ஆறு நிமிடக் குறும்படம் அவளுடையது. நான் கேமரா உதவியாளர். எங்கள் படிப்பில் எல்லாமே ஃபிலிமில்தான். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் இயக்குநர் "கேட்?" என்று கேட்பார். கேமராவுக்குள் ஃபிலிமின் மேல் வெளிச்சம் விழும் சின்ன ஜன்னல்தான் கேட். அதில் ஃபிலிமிலிருந்து உரிந்த ஒரு சீவல் ஒட்டிக்கொண்டால் போதும், திரையில் முடி மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று சொல்வது என் வேலை. இரண்டு நிமிடம் ஆகும்.

நடித்தவர் பான் ரெஹோர். செக் மொழியில் 'பான்' என்றால் திரு; அது போடாமல் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், மீசைக்கு வயது முப்பத்தொன்று. கதைப்படி அதை அவர் ஒரே ஷாட்டில் மழித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் அவர் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துத்தான் மார்கோ சம்மதம் வாங்கினாள். மனைவி உயிரோடு இருந்தவரை மீசையை எடு எடு என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம், இவர் கேட்கவில்லையாம். இப்போது ஒருமுறை கேட்டுத்தான் பார்க்கலாமே என்றார்.

முதலில் சோப்புக் கிண்ணத்தை மட்டும் தனியாக எடுத்தோம். முடிந்ததும் மார்கோ கேட்டாள்.

"ரோவன், கேட்?"

மணி இரண்டே முக்கால். என் முதுகுப்பை கதவோரம் தயாராக நின்றது. பார்க்காமலே "சுத்தம்" என்றேன்.

அடுத்து மழிப்பு. நாலு நிமிடம், ஒரு ரோல் முழுக்க. மீசை போன இடத்தில் வெளுப்பாக, குழந்தைத்தனமாக ஒரு உதடு வந்தது. லைட் பிடித்தவன்கூட மூச்சை அடக்கிக்கொண்டான். மார்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், கேட்? இந்த முறை பார்த்தேன். மேல் மூலையில் கறுப்பாக ஒரு சீவல்.

வாய் தன்பாட்டுக்கு "சுத்தம்" என்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கிராகோவில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கூட வந்த தோழிகள் சதுக்கத்தில் படம் பிடித்துக்கொண்டார்கள். நான் அதே சதுக்கத்தைப் பத்துச் சுற்று சுற்றினேன். கடைசி ஃப்ரேமில் வந்து ஒட்டியிருக்கும் என்று ஒரு சுற்று. கிண்ணத்தின்போதே ஒட்டியிருந்தால் என்று அடுத்த சுற்று. உட்காரவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. ஞாயிறு மாலைதான் திரும்பும் பஸ் என்பது தண்டனையாக இருந்தது. திரும்பிப் போகத் துடித்தது அந்த ஒருமுறைதான்.

திங்கள் காலை கல்லூரியின் சின்னத் திரையரங்கில் போட்டுப் பார்த்தோம். பான் ரெஹோரும் கோட்டு சூட்டோடு வந்திருந்தார். முதல் ஃப்ரேமிலேயே முடி இருந்தது. அவர் முகத்துக்குப் பக்கத்தில், நாலு நிமிடமும், நெளிந்து நெளிந்து ஆடியது.

விளக்கு எரிந்தது. பான் ரெஹோர்தான் முதலில் சிரித்தார்.

"அது என் மீசைதான். முப்பத்தொரு வருஷம் கூடவே இருந்துச்சு, லேசுல போகுமா? என் பெண்டாட்டி இதைப் பார்த்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். மார்கோவும் சிரித்தாள். பறந்து வந்து கேமராவுக்குள் ஒட்டியிருக்கும், அதுவும் அழகுதான், அப்படியே இருக்கட்டும் என்றாள். தப்பித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

நான் எழுந்து நின்றேன்.

"அது மீசை இல்ல, மார்கோ. ஃபிலிம் சீவல். அவர் கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கு. நான் பார்க்காமலே சுத்தம்னு சொன்னேன். ரெண்டாவது தடவை பார்த்துட்டும் சொன்னேன்."

மார்கோ என்னைப் பார்க்கவில்லை. "பஸ்ஸ பிடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

பிடித்தேன் என்றேன். அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

பான் ரெஹோரின் சிரிப்பு இன்னும் முழுதாக அணையவில்லை. கை மீசையைத் தேடி மேலே போனது. வெறும் உதட்டைத் தடவியது.

"அப்போ அது என்னோடது இல்லையாம்மா?"

இந்த முறை அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"இல்ல, பான் ரெஹோர். உங்களோடது இல்ல."