வாசல்படியில் ஒரு குழாய்

கால்வாயை மீட்கிறோம் என்று ஊரே பெருமையடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் சேற்றில் நின்றவர் என்னவோ கொத்தனார்தான். தண்ணீரை இறைத்து வற்றவைத்ததும் ஊரின் லட்சணம் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டின் முதுகிலிருந்தும் ஒரு கழிவுக் குழாய். அவற்றைச் சிமெண்டு வைத்து அடைப்பது அவர் வேலை. அடைக்க அடைக்க, வீட்டுக்காரர்களை வாய் ஓயாமல் திட்டினார்.

ஒரு காலத்தில் அது முதுகே இல்லை. நெல்லும் மரமும் ஏற்றிய படகுகள் போன கால்வாய் அது. வீடுகள் அதைப் பார்த்துத்தான் வாசல் வைத்திருந்தன. வீடுகளின் மறுபக்கம் தார்ச்சாலை வந்தது, படகு நின்றது. வீடுகளும் வெட்கமில்லாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பழைய வாசலில் கழிப்பறை கட்டிவிட்டன. விருந்தாளி ஏறி வந்த கல்படியில் இப்போது என்ன இறங்குகிறது என்று சொல்லவே நாக்கு கூசுகிறது.

கடைசியாக மிஞ்சியது அவருடைய அக்கா வீடு. சிமெண்டுச் சட்டியைப் படியில் வைத்ததுமே மேலே ஜன்னல் திறந்தது.

“டேய், எங்க வீட்டுக் குழாயை மட்டும் விட்டுடு.”

“தெருவுல சாக்கடைக் குழாய் போட்டு ஒரு வருஷமாச்சு. இணைச்சுக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேக்கா.”

“அதுக்குக் கூடத்தை உடைக்கணுமாம். இப்பதான் டைல்ஸ் போட்டோம். பளபளன்னு இருக்கு, நீதான் பாத்தியே.”

பார்த்திருந்தார். செருப்பைக் கழற்றிய பிறகும் காலைத் துடைத்துவிட்டு வரச் சொன்ன தரை அது. கூடப் பிறந்தவள்மேல் அவருக்கு இப்படியொரு அருவருப்பு வந்ததே இல்லை.

“நாளன்னிக்கு நல்ல தண்ணி விடப்போறாங்க. பிள்ளைங்க இறங்கிக் குளிக்கும். உன் வீட்டு நரகல்லயா குளிக்கணும்? என் வேலையும் போயிடும்.”

“இப்ப அடைச்சா வீட்டுக்குள்ள பொங்கும்டா. உங்க மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“கழிவுத்தொட்டி உறிஞ்சுற லாரி ஓட்டுறவரு. அவருக்குத் தெரியாத நாத்தமா?”

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

“ரொம்பச் சுத்தக்காரன் மாதிரி பேசாத. போன கோடையில உன் வீட்டுத் தொட்டியை அவர்தானே உறிஞ்சிட்டுப் போனாரு? எங்க கொட்டினாருன்னு கேட்டியா?”

“சுத்திகரிப்பு நிலையத்துலதான்.”

“அவ்வளவு தூரம் எந்த லாரிடா போகுது? பாலத்தடியில திறந்து விட்டுட்டு வந்துட்டாரு. எல்லார் வீட்டுதும் அங்கதான்.”

பாலத்தடியில்தான் போன வாரம் முழுக்க இடுப்பளவு சேற்றில் கிடந்தார். எந்தப் பாவி வீட்டுதோ என்று திட்டித் திட்டி அள்ளினார். இப்போது படியைப் பிடித்துக்கொண்டு குமட்டினார். எச்சில்தான் வந்தது. ஊரைத் திட்டிய வாய்க்குத் தன்னைத் திட்ட ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

பிறகு கரண்டியை எடுத்து, அக்கா வீட்டுக் குழாயை அடைத்தார்.

“நீயும் வேண்டாம், உன் உறவும் வேண்டாம். இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத,” என்று ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது.

சாயங்காலம் வீட்டில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். நாற்றம் போனபாடில்லை. துண்டோடு வெளியே வந்தபோது மனைவி கையில் போனோடு நின்றாள்.

“நம்ம தொட்டி மறுபடி நிறைஞ்சு வழியுதுங்க. உங்க அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போடட்டுமா? நம்ம வீடுன்னா உடனே வந்துடுவாரு.”