வலி நின்ற இடம்

என் வீட்டுக்காரர் பெயர் சேனாதிபதி. பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். கேரட் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கினால் வெறுங்கையோடு போய் விரட்டுவார். ஊசியைக் கண்டால் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அப்படிப்பட்டவருக்கு வயிற்றுவலி வந்தால் என்ன சொல்வார்? சூடு என்றார்.

எங்கள் மலைக்கிராமம் கிளாவரையில் யாருக்கு வயிறு வலித்தாலும் முதலில் சூடு, அடுத்து வாயு, அதற்கும் அடங்காவிட்டால் குடல் ஏறிக்கொண்டது என்பார்கள். சூட்டுக்கு வெந்தயம், வாயுவுக்குப் பூண்டு, குடலுக்குக் குழந்தைவேல். மேலத்தெருவில் இருக்கிற அவர் ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் எண்ணெய் தடவி நீவி, உள்ளங்காலில் தட்டி, ஏறின குடலை இறக்கிவிடுவார். கேரட் பிடுங்கின அன்று தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர், சாயங்காலம் வெந்தயத்தையும் பூண்டையும் தின்றுவிட்டு வாந்தி எடுத்தார். மறுநாள் வெள்ளனே எழுந்து குழந்தைவேல் வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னது காற்றோடு போனது.

குழந்தைவேல் வயிற்றில் கைவைத்ததுதான் தாமதம், இவர் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"தொடவே விடமாட்டேங்கிறாரு. இது என் சோலி இல்ல வடிவு" என்று குழந்தைவேல் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டார். "வெரசா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் மலையிறங்கியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து முத்துராஜ் அண்ணன் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் என் மடியில் தலைவைத்து இவரைப் படுக்கப்போட்டேன். வலது காலை மடக்கியே வைத்திருந்தார், நீட்டினால் வலித்தது.

வழியில் இருந்த சுகாதார நிலையத்தில் ஜெயப்பிரியா என்ற நர்ஸ் இருந்தார். சின்ன வயசுதான், ஆனால் பார்க்கிற விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. இவருடைய வயிற்றின் வலதுபக்கக் கீழ்ப்பகுதியில் மெதுவாக அழுத்தினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அழுத்தின கையைச் சட்டென்று எடுத்தபோதுதான் அலறினார்.

"எப்ப இருந்து இந்தப் பக்கம் வலிக்குது?"

"நேத்து தொப்புள்கிட்ட இருந்துச்சு. ராத்திரி இங்க எறங்கிருச்சு. சூடுதாங்க" என்றார் என் சேனாதிபதி, அந்த நிலையிலும்.

"சூடு இல்லண்ணே, குடல்வால் வீங்கியிருக்குன்னு நெனைக்கிறேன். அப்பெண்டிஸ்னு சொல்வாங்கள்ல, அது. பெருங்குடல் தொடங்குற எடத்துல ஒரு விரல் கணக்கா தொங்கிட்டு இருக்கும். அதோட வாய் அடைச்சுப் போச்சுன்னா உள்ளயே சீழ் வைக்கும். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா தீந்துச்சு. கொடைக்கானலுக்கு நான் போன்ல சொல்லிடுறேன், நீங்க கெளம்புங்க."

ஆபரேஷன் என்றதும் இவர் முகம் செத்துப்போயிற்று. கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றினோம். நான் ஏறப்போன நேரத்தில் ஜெயப்பிரியா என்னை வாசலோரம் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, பச்சத் தண்ணிகூடக் குடுக்காதீங்க. இன்னொண்ணு, வழியில வலி பட்டுன்னு நின்னுபோச்சுன்னா நல்லாயிருச்சுன்னு நெனச்சுடாதீங்க. அப்பத்தான் இன்னும் வேகமாப் போகணும்."

ஏன் என்று கேட்பதற்குள் உள்ளே ஏதோ குழந்தை வீறிட்டது, அவர் ஓடிவிட்டார். இவர் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பேச்சை நான் இவரிடம் சொல்லவில்லை.

எங்கள் மேல்மலை ரோட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவர் "ஐயோ" என்றார். கொஞ்ச தூரத்தில் எனக்கே பழகிவிட்டது. எதிரே பள்ளம் தெரிந்தால் இவருடைய கையை முன்கூட்டியே இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், ஜீப் குலுங்கும், கத்துவார். முத்துராஜ் அண்ணன் ஒவ்வொரு தடவையும் தன்மேல்தான் தப்பு என்பதுபோல "மன்னிச்சுக்கய்யா, மன்னிச்சுக்கய்யா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

வளைவு திரும்பியதும் பூம்பாறை தெரிந்தது. படிப்படியாய் இறங்குகிற தோட்டங்களும் நடுவில் வீடுகளும். அங்கே கோயில்கொண்டிருக்கிற முருகன், குழந்தை வேலப்பரை நினைக்காமல் மேல்மலைக்காரர்கள் அந்த ஊரைத் தாண்ட மாட்டார்கள். எனக்கு அன்றைக்கு நினைப்பதற்கு வேறு ஆள் யாரும் இல்லை. பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்தேன்.

"வேலப்பா, இவருக்கு வலி நிக்கணும். வலி நின்னா உன் வாசல்ல இவருக்கு மொட்டை போடுறேன்" என்று வாய்விட்டே வேண்டினேன். வேண்டுதல் என்னுடையது, முடி அவருடையது. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேகத்தடை இருந்தது. கையை இறுக்கிக்கொண்டேன். ஜீப் ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. குனிந்து முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"வலிக்கல வடிவு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். சுத்தமா இல்ல." மடக்கி வைத்திருந்த காலை நீட்டிக் காட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முந்தானை முடிச்சில் இருந்து என் விரல்கூட இன்னும் எடுபடவில்லை, அதற்குள் சாமி கொடுத்துவிட்டது. வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு சந்தோஷத்தை என் வாழ்நாளில் நான் பட்டதில்லை, பொய் சொல்ல மாட்டேன். முத்துராஜ் அண்ணன் கோயிலுக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கோபுரத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

"பாத்தியாம்மா? கேட்ட வாய் மூடல. எறங்கிக் கும்பிட்டுட்டு அப்படியே ஊருக்குத் திரும்பிருவோம். கத்தியாவது ஒண்ணாவது."

இவர் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். "அண்ணே, ஒரு டீ சொல்லுங்க. தொண்ட காஞ்சு கெடக்கு" என்றார். அண்ணன் கடைக்கு ஓடினார்.

டீ என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு ஜெயப்பிரியா சொன்னது வந்தது. தண்ணீர்கூடக் கூடாது. அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. வலி நின்றால் இன்னும் வேகமாகப் போகணும்.

அந்தப் பெண்மேல் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாமி கொடுத்ததைக் கையில் வாங்கி முழுசாகச் சந்தோஷப்பட விடாமல் இப்படி ஒரு பேச்சை எதற்காகச் சொல்லி அனுப்பவேண்டும்? நம்பாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இவருடைய முகம் சரியாக இல்லை. சிரிக்கிறார், உதடு வெளுத்திருக்கிறது. நெற்றியில் வேர்வை, அதுவும் சில்லென்று. போன வருஷம் எங்கள் பசுவுக்குத் தொடையில் ஒரு கட்டி வந்து படாதபாடு பட்டது. ஒருநாள் உடைந்து சீழ் வெளியே வந்ததும் வலி போய் அது தீவனத்தில் வாய்வைத்தது. கட்டி உடைந்தால் வலி நிற்கும். சரி, வயிற்றுக்குள் இருக்கிற கட்டி உடைந்தால் சீழ் எங்கே போகும்? வெளியே வர வழி ஏது?

நான் வேண்டினதை மறுபடி மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வலி நிக்கணும் என்றுதான் கேட்டிருக்கிறேன். உயிர் நிக்கணும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அண்ணன் டீயை நீட்டினார். இவர் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார். நான் பிடுங்கி ரோட்டில் ஊற்றினேன்.

"என்னடி பண்ற?"

"கூடாதுங்க. நாம கொடைக்கானல் போறோம்."

"வலியே இல்லங்கிறேன், எதுக்கு அங்க?"

"அதுக்குத்தான். வலி நின்னா இன்னும் வேகமாப் போகணும்னு நர்ஸ் சொல்லிச்சு. உள்ள வெடிச்சிருந்தாலும் வலி நிக்கும்."

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சாமி வாசல்ல நின்னுக்கிட்டு இப்படிப் பேசுற. வேண்டினது நீ, குடுத்தது அவரு. வேண்டாம்னு தூக்கி எறியிறியா? நான் வரமாட்டேன்."

"ஆமாம்மா, தெய்வக்குத்தம் ஆகிப்போகும்" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்த்ததை நம்பினார். நானும்தான் பார்த்தேன்.

"சாமி நிறுத்துச்சா, உள்ள வெடிச்சு நின்னுச்சா, எனக்குத் தெரியாது" என்றேன். "சாமிதான்னா, டாக்டர் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிருவாரு. சாமி கோவிச்சுக்காது. வெடிச்சிருந்து நாம திரும்பிட்டம்னா? குத்தம் வந்தா என் தலையில வரட்டும். அண்ணே, நீங்க எடுக்கலைன்னா பின்னால வர்ற பஸ்ஸுல இவரைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போவேன். இங்க இருக்கிற ஆளுக எல்லாரையும் கத்திக் கூப்பிடுவேன்."

அப்படிக் கத்துவேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் போய் ஜீப்பில் உட்கார்ந்தார். இவர் ஏறினார், ஆனால் என் மடியில் தலைவைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளங்கள் வந்தன. சத்தமே இல்லை. முதலில் அவர் கத்தியபோது தாங்க முடியாமல் இருந்தது. இப்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும், ஒருதடவை கத்திவிடுங்களேன் என்று மனசு கெஞ்சியது.

பைன் காட்டுப் பக்கம் சீசன் கூட்டம். ரோட்டை அடைத்துக்கொண்டு கார்கள், செல்ஃபி எடுக்கிறவர்கள், வேகவைத்த சோளம் விற்கிறவர்கள். ஜீப் நகரவில்லை. அங்கேதான் இவர் "குளிருது வடிவு" என்றார். கொடைக்கானலில் குளிராமல் என்ன செய்யும் என்று சொல்ல வாயெடுத்தவள் பல் தந்தியடிக்கிற சத்தத்தைக் கேட்டேன். வயிற்றில் கைவைத்தேன். பலகை கணக்காக இருந்தது. "எங்க வலிக்குது?" என்றேன். "எல்லா எடத்துலயும்" என்று முனகிக்கொண்டே என்மேல் சாய்ந்தார். முத்துராஜ் அண்ணன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பாதி உடம்பை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கத்தி, காரையெல்லாம் ஒதுக்கினார். அழுதுகொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காகத் தயாராக இருந்தார்கள். டாக்டர் தேவசேனா வயிற்றைத் தொட்டார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பார்த்ததும் வெளியே வந்து என்னிடம் நேராகச் சொன்னார்.

"குடல்வால் வெடிச்சிருச்சும்மா. அழுத்தம் குறைஞ்சதாலதான் கொஞ்ச நேரம் வலி இல்லாம இருந்திருக்கும். சீழ் வயிறு முழுக்கப் பரவுது. உடனே திறந்து, குடல்வாலை எடுத்துட்டு, உள்ள கழுவணும். ரிஸ்க் இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா திரும்பிப் போயிருந்தா என்கிட்ட பேசவே ஒண்ணும் இருந்திருக்காது."

அவர்கள் இவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுகிறவரைக்கும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லையா, இல்லை திரும்பிப் பார்க்கத் தெம்பில்லையா என்று தெரியாமல் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இவர் இப்படியே போய்விட்டால் என்மேல் கோபத்தோடு போனவராக ஆகிவிடுவார்.

அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் திருப்பிருப்பேம்மா. நான் மட்டும் இருந்திருந்தா கண்டிப்பாத் திருப்பிருப்பேன். அப்ப சாமி நம்மள ஏமாத்திருச்சா?"

அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. நர்ஸ் வாயில் அந்தப் பேச்சை வைத்தது யார் என்று கேட்டால் கேட்டுக்கொண்டே போகலாம். அது எனக்குத் தேவையாக இல்லை. வலி என்பது உடம்பு போடுகிற கூப்பாடு. கூப்பாடு நின்றால் போதும் என்று நாம்தான் அவசரப்படுகிறோம். கூப்பிட்டது எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. இதையெல்லாம் அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியலண்ணே" என்று மட்டும் சொன்னேன். உள்ளே இருக்கிறவர் பிழைத்தால் போதும், சாமியோடு என் வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் வெளியே வந்தபோது வெளியில் மஞ்சுமூட்டம் கட்டியிருந்தது. நல்லபடியாக எடுத்தாயிற்று, கழுவி டியூப் வைத்திருக்கிறோம், மயக்கம் தெளியட்டும், அதுவரை ஒன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார்.

கட்டிலோரம் நின்றேன். மூக்கில் ஒரு குழாய், வயிற்றிலிருந்து ஒரு குழாய். முகம் பச்சைப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. கூப்பிட்டேன், அசையவில்லை. கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். இமை துடித்தது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வடிவு… வலிக்குது."

"எங்கங்க? எங்க வலிக்குது?"

"தையல் போட்ட எடத்துல." என் விரலை இறுக்கிப் பிடித்தார். "ரொம்ப வலிக்குதுடி."

நான் குரலெடுத்து அழுதேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "அவருக்கு வலிக்குதாம்."