தாய் போட்டு வைத்த உத்தரவு

தவளைத் தாய் பொல்லாதவள். முட்டையிடும்போதே ஊட்டத்தோடு ஓர் உத்தரவையும் உள்ளே போட்டு வைக்கிறாள்: கெட்டுப்போன பிள்ளை வளர வேண்டாம். கதிர்வீச்சு பட்டுக் கெட்ட கருவும் முதலில் நல்ல கருவைப் போலவே பிரிந்து பிரிந்து பந்தாகும். தன் சொந்த மரபணுவை முதன்முதலாகப் படிக்க வேண்டிய வேளையில்தான் அந்த உத்தரவு விழித்துக்கொள்ளும். செல்கள் ஒன்றையொன்று கைவிட்டு, குழைந்த சோறாக ஆய்வுத் தட்டில் கிடக்கும்.

அந்த உத்தரவைத் தடுப்பதுதான் என் வேலை. தடுத்துக் காட்டினால் ஃபுகுவோகா ஆய்வகத்தில் பிழைப்பு நிலைக்கும். இல்லையென்றால் மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டும். நாற்பது தாண்டியவளுக்கு எவன் வேலை கொடுப்பான்?

கருக்களுக்குக் கதிர் காட்டினேன். பாதிக்கு மட்டும், சாவைத் தடுக்கும் மரபணுவின் நகலை ஊசியால் ஏற்றினேன். பக்கத்து மேசைக்காரி ஹிசாயே எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி கியோனோ, சாகப் போறத இழுத்துப் பிடிக்கிறியே, அதுங்க உன்னக் கேட்டுச்சா?"

"நீ உன் வேலையப் பாருடி."

மறுநாள் காலை, ஊசி போடாதவை எல்லாம் கரைந்து கிடந்தன. என்னுடையவை முழுசாக இருந்தன. அடடா, என்ன சந்தோஷம்! ஹிசாயேயைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டி. வயிறு மூடவே இல்லை. தட்டை நகர்த்தினால் அந்தக் கட்டிகள் துடித்தன.

"மருந்துல போட்டு முடிச்சிடுடி," ஹிசாயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாவம்டி, பாக்க முடியல."

பேராசிரியர் குசுஹாரா வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் மலர்ச்சி.

"பிரமாதம் கியோனோ! உங்க வேலை உறுதின்னு வச்சுக்குங்க. ஆனா ஒண்ணுகூடச் சாகக் கூடாது. எதுவரைக்கும் தாங்குதுன்னு பாத்துடுவோம்."

"சரிங்க," என்றேன். வேறென்ன சொல்வேன்?

அடுத்த நாளே, ஆய்வகத்தில் செத்த உயிர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் அஞ்சலி. தோட்டத்து நினைவுக் கல்லின் முன் ஒவ்வொருவராகச் சாமந்தி வைத்துக் கைகூப்பினார்கள். பேராசிரியர் தலை தாழ்த்தி வெகுநேரம் நின்றார். ஹிசாயே அழுதாள்.

என் முறை வந்தது. பூ கையிலேயே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவை இன்னும் சாகவில்லை.