கடித்த பழம்

லாரி வந்து பன்றிப் பண்ணை வாசலில் நின்றபோது அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. அதில் தம்பியின் தொணதொணப்பு வேறு.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுக்கா. ஆய்வுக்கூடத்துல பேசிட்டுத்தான் வர்றேன். நமக்குத் தெரிஞ்ச பன்னி வியாதி எதுவுமே உன் பன்னிங்க ரத்தத்துல இல்லையாம்."

"வியாதி இல்லைன்னா நல்ல சேதிதானே? அப்புறம் எதுக்கு முகமூடி, கையுறைன்னு திருட வந்தவன் மாதிரி நிக்கிறே?"

"வியாதி இல்லைன்னு சொல்லலை. தெரிஞ்ச வியாதி இல்லைன்னேன்."

"மாட்டு டாக்டர் பேச்சு எனக்குப் புரியாதுப்பா."

கோபம் வந்தால் அவன் அவளுக்கு மாட்டு டாக்டர். மற்ற நேரத்தில் தம்பி.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் தம்பதி புதிதாகப் பண்ணை போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் போன வாரம் அக்கா பத்துக் குட்டி அனுப்பினாள். மீதி இன்றைக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அக்காவின் புருஷனோ ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். கொட்டிலில் பாதிப் பன்றிகள் நாய் குரைப்பதுபோல இருமுகின்றன. உருப்படியாக நடக்கிற காரியம் இது ஒன்றுதான். இதையும் விடச் சொன்னால்? கேட்டவர்களிடமெல்லாம் புருஷனுக்குக் கொசுக்காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில்கூடப் பன்றி என்று வாய் திறக்கவில்லை. பன்றிப் பக்கம் பேச்சுப் போனால் பண்ணைப் பக்கம் யார் வருவார்கள்?

"இந்தக் குட்டிங்க இருமுதா பாரு. கொழுகொழுன்னு இருக்கு."

"இன்னும் இருமலை, அவ்வளவுதான்."

லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அக்கா தம்பி சண்டை முடியறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாமா?"

"நீங்க பலகையை இறக்குங்க. இவன் பேசிக்கிட்டேதான் இருப்பான்."

சொல்லிக்கொண்டே விளக்குமாற்றை எடுத்தாள். கொட்டில்களுக்கு நடுவே வரிசையாகக் கொய்யாவும் சப்போட்டாவும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வைத்தவை. நிழலுக்கு நிழல், தீனிக்குத் தீனி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூளைக்காரிதான் என்று சொல்லிப் போன மரங்கள். ராத்திரி உதிர்ந்த பழங்களைப் பாதையிலிருந்து கூட்டி, முறத்தில் அள்ளி, பன்றித் தொட்டியில் கொட்டினாள். தினமும் காலையில் செய்கிற வேலை. கை தன் பாட்டுக்குச் செய்தது.

தம்பி தொட்டிக்குள் குனிந்தான்.

"என்னடா, மூச்சைக் காணோம்?"

அவன் கையுறைக் கையால் தொட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்தான். பாதி கடித்திருந்தது. பல் தடம் ஊசி குத்தினதுபோல.

"இது எது கடிச்சது?"

"வௌவால். மூணு வருஷமா இதுங்க தொல்லைதான். தின்னுட்டுப் பாதியைக் கீழ போடும். நல்ல பழம், வீணாக்குவானேன்னு..."

"மூணு வருஷமா. மலைமேல காட்டை வெட்டினப்புறம்."

"ஆமா. அதுக்கென்ன?"

"அங்க தின்னதை இங்க வந்து தின்னுது. அதோட எச்சில்ல என்னென்ன கிருமி எத்தனை காலமா குடியிருக்கோ. அதுக்கு ஒண்ணும் பண்ணாது. அந்த எச்சில் பழம் காட்டுல விழுந்தா ஒரு எறும்பு தின்னும். இங்க கீழ நானூறு வாய் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தொத்தித் தொத்திப் பெருகியிருக்கும். அப்புறம் அதுங்க மூக்கைத் துடைச்ச கை..."

துடைத்த கை ஆஸ்பத்திரியில் கிடப்பவருடையது என்று இருவருக்கும் தெரியும்.

"அப்போ வௌவாலைச் சுட்டுத் தள்ளு!"

"சுட்டா மிச்சம் நாலு ஊருக்குப் பறக்கும். அதுங்களா வந்துச்சு? நாமதானேக்கா இருந்த இடத்தைப் பிடுங்கிட்டு, பன்னிக்கு மேல பழத்தைத் தொங்கவிட்டோம்."

"நாமன்னு ஏன் சொல்றே? நான்னு சொல்லு. நான்தானே அள்ளிப் போட்டேன்." விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "இதுதான் காரணம்னு நிச்சயமா சொல்லுவியா?"

"மாட்டேன். பழத்தை, எச்சத்தை எல்லாம் எடுத்துச் சோதிக்கணும். பத்து நாளாவது ஆகும். லாரிக்குப் பத்து நிமிஷம்." குரல் இறங்கியது. "உன் மரத்தைப் பார்த்துட்டு இன்னும் ரெண்டு பண்ணைக்காரங்களுக்கு இதே மாதிரி வைக்கச் சொன்னவன் நான். உன்னை என்னன்னு திட்டறது?"

லாரிக்காரர் நான்கு குட்டிகளை ஏற்றியிருந்தார். ஐந்தாவது பலகையில் சறுக்கி வீல் வீலென்று கத்தியது.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

"இறக்குங்க."

"ஏறினதையா?"

"எல்லாத்தையும். தம்பி முகமூடி தருவான், போட்டுக்கிட்டு இறக்குங்க. கையை சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. இந்தப் பண்ணையை விட்டு இனி ஒரு குட்டி போகாது."

"என்னம்மா விளையாட்டா இருக்கு? நேத்துப் போன் மேல போன் போட்டு..."

"கூப்பிட்டது என் தப்பு. கொசுக்காய்ச்சல்னு உங்ககிட்ட சொன்னதும் பொய்."

லாரிக்காரர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் முகமூடிக்குக் கையை நீட்டினார்.

அவள் போனை எடுத்தாள். எதிர்முனையில் புதுப் பண்ணைச் சின்னப் பெண் உற்சாகமாக இருந்தாள். "கிளம்பிடுச்சாக்கா? தொட்டியெல்லாம் கழுவி வெச்சுட்டேன்."

"கிளம்பலைம்மா. கிளம்பாது. ஏன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல ஒண்ணு கேக்கறேன், பயப்படாம சொல்லு. போன வாரம் அனுப்பினதுல ஏதாவது இருமுதா?"

"ரெண்டு. சளின்னு இவர் துடைச்சு விட்டாரு. ஏங்க்கா?"

"உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"நேத்துலேர்ந்து தலைவலின்னு படுத்திருக்காரு. வெயில்ல நின்னது, சரியாயிடும்."

தம்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் போக வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. குளிக்கணும், சாப்பிடணும்னு உக்காராதே. வாயை மூக்கைக் கட்டிக்கிட்டு அவரைப் பிடி. டாக்டர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லணும்: எங்ககிட்ட பன்னி இருக்கு, அது இருமுதுன்னு. நான் சொன்னேன்னு என் பேரையும் சொல்லு."

"அக்கா..."

"ஆறு நாளா நான் சொல்லாம இருந்துட்டேம்மா. நீ சொல்லிடு."