பின்பக்க இடது கண்ணாடி

முத்துலிங்கம் சேரின் மனைவி இறந்துபோன செய்தி ஹட்டனுக்கு வந்த அன்றே ஆண்டியப்பனின் காதுக்கும் எட்டியது. லிந்துலைக்குப் பக்கத்தில் மண் சரிந்து கார் ஆற்றுக்குள் இறங்கிவிட்டதாம். சேர் தப்பிவிட்டார், அந்தம்மா தப்பவில்லை என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். சாவு வீட்டுக்குப் போகலாம் என்று சட்டையை மாற்றினான். பிறகு அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டான்.

ஆண்டியப்பன் வாகன வயரிங் வேலை செய்பவன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன கராஜ். இஞ்சினைத் தொடமாட்டான். லைட், ஹோர்ன், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டர் என்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். தண்ணீரோ தூசியோ உள்ளே போய் மோட்டர் நின்றுவிட்டால், கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் போர்ட்டைக் கழற்றிப் பழுது பார்த்துக் கொடுப்பான். முத்துலிங்கம் சேரின் காரிலும் ஒரு கதவைக் கழற்றியிருக்கிறான். ஆனால் அது பழுது பார்ப்பதற்காக இல்லை.

போன வருடம் சித்திரைக்கு முன்பு சேர் மனைவியோடு வந்திருந்தார். அவர் தோட்டப் பாடசாலை ஒன்றில் வாத்தியார். மனைவி சுதர்ஷினிக்கு மனநிலை சரியில்லை. மாதம் ஒருமுறை நுவரெலியா கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். போகிற வழியில் இரண்டு தடவை கண்ணாடியை இறக்கிப் பாதி உடம்பை வெளியே போட்டுவிட்டாள்.

"கதவுக்கு சைல்ட் லொக் இருக்கு, உள்ள இருந்து தொறக்க முடியாது. கண்ணாடிதான் பிரச்சின. லொக் பண்ற பட்டன் ஒடஞ்சி கெடக்கு. பின்னாடி இடது கண்ணாடிய அவ எறக்க முடியாம பண்ணித் தாங்க ஆண்டியப்பன்" என்றார் சேர். சொல்லிவிட்டு மர வாங்கில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.

அதைச் செய்ய இரண்டு வழி இருந்தது. பின்கதவில் உள்ள சுவிட்சை மட்டும் விலக்கிவிட்டு, டிரைவர் பக்கத்துச் சுவிட்சிலிருந்து மோட்டருக்கு நேராக வயர் கொடுக்கலாம். அப்போது அந்தம்மாவால் இறக்க முடியாது, சேரால் முடியும். அதற்கு அரை மணித்தியாலம் வேண்டும். இல்லாவிட்டால் மோட்டருக்குப் போகும் வயரையே வெட்டி, டேப் சுற்றி விட்டுவிடலாம். அது ஐந்து நிமிட வேலை. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பஸ் ஹெட்லைட் எரியாமல் வந்து நின்றது. கொண்டக்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆண்டியப்பன் வயரை வெட்டினான்.

சுதர்ஷினி ஸ்வெட்டரை இறுக்கிப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, எனக்கு வாந்தி வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"சேர்கிட்ட சொல்லுங்கம்மா. வண்டிய நிப்பாட்டுவாரு."

அவள் தலையாட்டினாள். எந்த வயரை வெட்டினான் என்று சேர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இப்போது சாவு நடந்து இரண்டு மாதம். சேர் அந்தக் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கராஜ் வாசலில் இறக்கினார். கழுவிய பிறகும் காரின் வெள்ளை நிறம் திரும்பியிருக்கவில்லை. வலப்பக்கம் பின்கதவைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். சேர் மெலிந்து, கழுத்து எலும்பு தெரிய நின்றார்.

"இஞ்சின் வேற எடத்துல பாத்துட்டாங்க. கண்ணாடி ஒண்ணும் ஓடல. வித்துடப் போறேன். வாங்குறவங்க எல்லாத்தையும் போட்டுப் பாப்பாங்கல்ல" என்றார்.

"நாளைக்கு வாங்க சேர். முடிச்சி வைக்கிறேன்."

"இல்ல. இருந்தே எடுத்துட்டுப் போறேன்."

ஆண்டியப்பன் முன்கதவுகளிலிருந்து தொடங்கினான். போர்ட்டைக் கழற்றுவதும், காய்ந்த சேற்றை வழிப்பதும், மோட்டரைத் துடைத்து மாட்டுவதுமாக மதியம் தாண்டிவிட்டது. சாப்பிடப் போகவில்லை. சேரும் வாங்கை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த ஒரு கதவுதான் மிஞ்சியது.

கைப்பிடிக்குப் பின்னால் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, ஓரத்தில் தட்டையான கம்பியை விட்டு நெம்பினான். கிளிப்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டன. போர்ட்டை இழுத்ததும் உள்ளே கிடந்த மண் அவன் மடியில் கொட்டியது. எல்லாம் துரு ஏறிக் கிடந்தது. அவன் சுற்றிய கறுப்பு டேப் மட்டும் பிரியாமல் இருந்தது.

"ஆண்டியப்பன், ஒண்ணு கேக்கணும்" என்றார் சேர். எப்போது எழுந்து வந்தாரோ, பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கேளுங்க சேர்."

"வண்டி ஆத்துக்குள்ள போயி நிமிந்துதான் நின்னுச்சு. வலது பக்கம் பின்கதவ பாறை நசுக்கிருச்சு. இடது பக்கம் கைப்பிடி வரைக்கும் மண்ணு. தண்ணி உள்ள ஏறுது. முன்னாடி வா முன்னாடி வான்னு அவ கையப் புடிச்சி இழுத்தேன், வரல. அந்தக் கண்ணாடியத்தான் தட்டிக்கிட்டே இருந்தா. நான் எம்பக்கத்து சுவிட்ச அமுக்குனேன். என் கண்ணாடி எறங்குச்சு. அவளோடத அமுக்குனேன், எறங்கல. அதுவரைக்கும் நான் அத எறக்கிப் பாத்ததே இல்ல."

ஆண்டியப்பன் போர்ட்டைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"வெளிய வந்து கூரை மேல ஏறி, கல்ல எடுத்து அடிச்சேன். கல்லு கைல நிக்கல. தோட்டத்து லயத்து ஆளுங்க அலவாங்குக் கம்பியோட வர்றதுக்குள்ள..." சேர் நிறுத்தினார். "அதுல நாலு சுவிட்ச் இருக்கு. அவளப் பாத்துக்கிட்டேதான் அமுக்குனேன். நான் மாத்தி அமுக்கிட்டேனாக்கும். ரெண்டு மாசமா தெனம் அதையேதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்குத் தெரியும்ல. சொல்லுங்க."

"தண்ணி உள்ள போனா அப்படித்தான் சேர்" என்றான் ஆண்டியப்பன்.

"அதே தண்ணியிலதான என்னுது எறங்குச்சு. அப்ப நான்தான் மாத்தி அமுக்கிருக்கேன்."

ஆண்டியப்பன் மடியிலிருந்த மண்ணைத் தட்டவில்லை. தரையிலேயே உட்கார்ந்தபடி, "நீங்க சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க சேர்" என்றான். "நான் மோட்டருக்குப் போற வயரையே வெட்டிட்டேன். எங்க அமுக்கினாலும் எறங்காது. சுவிட்ச மட்டும் வெலக்கியிருக்கலாம். அப்பிடிச் செஞ்சிருந்தா ஒங்க பக்கத்துல இருந்து எறங்கியிருக்கும்."

சேர் அந்த டேப்பைக் குனிந்து பார்த்தார்.

"அன்னைக்கு நான் ஒங்கள அவசரப்படுத்துனேனா?"

"இல்ல சேர். நீங்க பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப ஏன்?"

"வெளிய ஒரு பஸ் வந்து நின்னுச்சு சேர்."

"பஸ்ஸு" என்றார் சேர். ஒரு கையால் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அடிப்பார் என்று ஆண்டியப்பன் நினைத்தான். அடித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"இப்ப சேத்துக் காட்டுங்க" என்றார்.

ஆண்டியப்பன் டேப்பைப் பிரித்து வயரைச் சீவி முறுக்கினான். மோட்டரைத் துடைத்து எண்ணெய் விட்டான். சேர் முன்னால் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினார். மோட்டர் ஒரு தரம் முனகியது. பிறகு கண்ணாடி மெதுவாக அடிவரைக்கும் இறங்கியது. மேலே ஏற்றினார். மறுபடி இறக்கினார். அப்படி ஐந்தாறு தடவை. ஆண்டியப்பன் எதிரில் நிற்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சேர் காரை விட்டு இறங்கிப் பஸ் நிலையப் பக்கம் நடந்துபோனார். வாங்கில் வைத்திருந்த குடையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் சேரின் தம்பி மதுரன் லொறியோடு வந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுற்றி வளைக்கவில்லை.

"பொலிசுக்குப் போகவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு. ஒங்கள மட்டும் அந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லச் சொன்னாரு. ஒங்க மூஞ்சப் பாக்க அவரால முடியாதாம்."

"சரிங்க" என்றான் ஆண்டியப்பன்.

பின்கதவின் போர்ட் இன்னும் மாட்டப்படாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது. மாட்டித் தரட்டுமா என்று கேட்டான். மதுரன் அதைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக் கதவைச் சாத்தினான். காரை லொறியில் ஏற்ற ஆள் போதவில்லை. ஆண்டியப்பன் போய்ப் பின்னாலிருந்து தள்ளினான். மதுரன் தடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி அனோஜாவிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "தெரிஞ்சா பண்ணுனீங்க?" என்றாள்.

"ரெண்டு வழி இருக்குன்னு தெரியும்" என்றான் ஆண்டியப்பன்.

அவள் தண்ணீரை வடித்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.